கட்டி உடைந்து ரத்தம் கசிந்தால்

புற்றுக்கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் குழாய்கள் அவசரத்தில் முளைத்தவை. இயல்பான தமனிக்கு இருக்கும் தசைச் சுவர் அவற்றுக்குச் சரியாக அமைவதில்லை. நல்ல தமனி அறுபட்டால் சுருங்கித் தன் வாயைத் தானே குறுக்கிக்கொள்ளும். கட்டியின் குழாய்க்கு அந்தத் திறன் குறைவு. அதனால் ஒருமுறை கசியத் தொடங்கினால் கசிந்துகொண்டே இருக்கும். இன்னொரு வழியும் உண்டு. வளரும் கட்டி பக்கத்தில் உள்ள ஆரோக்கியமான தமனியின் சுவரையே அரித்துவிடும். கதிர்வீச்சு வாங்கிய தமனிச் சுவர் நாளடைவில் நைந்துபோவதும், கீமோதெரபியால் தட்டணுக்கள் சரிவதும், ரத்தம் உறையாமலிருக்க நோயாளி சாப்பிட்டுவரும் மாத்திரைகளும் இதோடு சேர்ந்துகொள்ளும்.

வெளியே தெரியும் ரத்தத்தைப் பார்த்தவுடன் குடும்பம் ஓடிவரும். உள்ளே கசிவது அப்படி அல்ல. கல்லீரலின் மேற்பரப்பில் பிதுங்கியிருந்த கட்டி வெடித்தால் ரத்தம் வயிற்றுக்குழிக்குள் தேங்கும். நோயாளிக்குத் திடீரென்று மேல்வயிறு வலிக்கும், வியர்க்கும், தலை சுற்றும். பல வீடுகளில் அது முதலில் வாயுத்தொல்லை என்றே கணக்காகிறது. வயிறு உப்பி, நாடி படபடத்து, ரத்த அழுத்தம் விழுந்த பிறகுதான் ஆம்புலன்ஸ் வரும்.

இந்த நிலையில் ரத்தக்குழாய்க்கு உள்ளிருந்தே போய், கசியும் கிளையை மட்டும் அடைத்துவிடுவதுதான் எம்போலைசேஷன். இதைச் செய்பவர் இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட். மருத்துவமனைப் பேச்சில் சுருக்கமாக ‘ஐ.ஆர்.’ வயிற்றைக் கிழிப்பதில்லை. பெரும்பாலும் முழு மயக்கமும் தேவைப்படாது. தொடை இடுக்கிலோ மணிக்கட்டிலோ ஒரு ஊசித்துளை போதும்.

அந்தத் துளைக்கு வழி காட்டியவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் ஐவர் செல்டிங்கர். ஊசியைக் குத்தி, அதற்குள் கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலாகவே கதீட்டர் என்ற மெல்லிய குழாயை ஏற்றும் முறையை 1953-ல் வெளியிட்டார். இன்றும் கதீட்டர் வேலை நடக்கும் ஒவ்வொரு கேத் லேபிலும் நாள் தொடங்குவது அந்த நான்கு அசைவுகளில்தான். 1963-ல் அமெரிக்காவின் நுஸ்பாமும் பாமும் நிமிடத்துக்கு 0.5 மில்லி அளவு ரத்தம் கசிந்தாலே ஆஞ்சியோகிராமில் பார்த்துவிடலாம் என்று விலங்குச் சோதனையில் காட்டினார்கள். பார்த்ததை அடைத்தும் விடலாமே என்ற எண்ணம் வந்து சேரச் சில ஆண்டுகள் பிடித்தன. ரோஷும் டாட்டரும் அவர்களுடைய சகாவும், நோயாளியின் சொந்த ரத்தக்கட்டியையே கதீட்டர் வழியாக அனுப்பி இரைப்பை ரத்தப்போக்கை நிறுத்தியதை 1972-ல் எழுதினார்கள். நுரையீரல் ரத்தப்போக்கிலும் தமனியை அடைக்கலாம் என்று செய்து காட்டியவர் பிரான்சின் லீல் நகரத்து ழாக் ரெமி. 1974-ல் மினசோட்டாவில் தாடவர்த்தியும் சகாக்களும் பி.வி.ஏ. என்ற நுண்துகளைக் கொண்டுவந்தார்கள். அடுத்த ஆண்டே ஜியான்டுர்கோவின் உலோகக் காயில் வந்தது. பொருள்கள் பின்னர் மெருகேறினவே தவிர, அடிப்படை அந்தச் சில ஆண்டுகளில் அமைந்துவிட்டது.

யாரை, எப்போது மேஜையில் ஏற்றுவது என்பதுதான் இத்தொழிலில் கடினமான பகுதி. கைவேலை பழகப் பழக வந்துவிடும். தீர்மானம் அவ்வளவு எளிதில் வருவதில்லை. இரவில் டியூட்டி டாக்டரிடமிருந்து போன் வந்தால் அனுபவமுள்ள ஐ.ஆர். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று முதலில் கேட்பதில்லை. கொட்டிக்கொண்டிருக்கும் ரத்தத்தில் அந்த எண் முதல் சில மணி நேரம் பொய் சொல்லும். போனது முழு ரத்தம்; மிச்சமிருப்பது நீர்த்துப்போனால்தான் எண் இறங்கும். நாடி எவ்வளவு, லாக்டேட் எவ்வளவு, எத்தனை பாக்கெட் ரத்தம் ஏற்றியும் அழுத்தம் நிற்கவில்லை, சி.டி. எடுத்தாயிற்றா – இவைதான் கேள்விகள்.

சி.டி. ஆஞ்சியோகிராம் இன்றி ஓடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு தேடுவதுதான். மருந்து ஏற்றுவதற்கு முன், தமனிக் கட்டத்தில், சிரைக் கட்டத்தில் என்று மூன்று முறை எடுத்த சி.டி., கசியும் இடத்தையும் அதற்குப் போகும் குழாயின் வரைபடத்தையும் சேர்த்தே கொடுத்துவிடும். நிமிடத்துக்கு 0.3 மில்லி கசிவைக்கூட அது பிடிக்கும். கசிவு அந்த நேரத்தில் நின்றிருந்தாலும் உறைந்த ரத்தத்தில் மிக அடர்த்தியானது எங்கே ஒட்டியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வெடித்த இடத்துக்கு அருகில்தான் அது இருக்கும். சி.டி. எடுக்கவே முடியாத அளவுக்குச் சரிந்துவிட்ட நோயாளிக்கு மட்டும் முதலில் சி.டி. என்ற விதி பொருந்தாது.

அழுத்தம் சரியான பிறகு அனுப்புகிறோம் என்று தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துக்கொள்வது நல்லெண்ணத்தில் செய்யப்படும் தவறு. கசிவு நிற்காமல் அழுத்தம் சரியாகாது. ஏற்றும் ரத்தம் ஓட்டைக் குடத்தில் ஊற்றிய நீராகத்தான் போகும். உடல் குளிர்ந்து, ரத்தம் அமிலமாகி, உறையும் தன்மையும் கெட்டுவிட்டால் பிறகு எந்தப் பொருளை வைத்து அடைத்தாலும் ஊசி குத்திய இடமெல்லாம் கசியும். ஆகவே ரத்தம் ஏற்றுவதும் கேத் லேபுக்குக் கொண்டுபோவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். மயக்க மருந்து நிபுணர் தலைமாட்டில் ரத்தம் ஏற்றிக்கொண்டிருக்க, இடுப்பருகே ஐ.ஆர். வேலை பார்ப்பதே சரியான காட்சி. நேரம் வீணாவது கதீட்டர் ஓட்டும்போது அல்ல. லிஃப்டில், ரத்த வங்கி வரிசையில், கையெழுத்துப் போட வேண்டிய மகன் ஊரிலிருந்து வந்து சேர்வதில் போய்விடுகிறது.

அறுவை சிகிச்சை செய்ய முடியாதா என்று உறவினர்கள் கேட்பார்கள். காயத்தில் வெடித்த கல்லீரலுக்கும் புற்றில் வெடித்த கல்லீரலுக்கும் வித்தியாசம் உண்டு. கட்டியின் திசு தையலைத் தாங்காது. ஊசி போன இடமே புதிய ஓட்டையாகும். சிரோசிஸ் உள்ள கல்லீரல் அவசர அறுவையின் அதிர்ச்சியையும் தாங்குவது கடினம். இரைப்பையிலும் சிறுகுடலின் தொடக்கத்திலும் உள்ள கட்டிக்கு எண்டோஸ்கோப்பி முதலில் முயலப்படும். ஆனால் புண்ணாகிப் பரவிய மேற்பரப்பில் கிளிப் நிற்காது. ரத்தம் நிறுத்தக் கொடுக்கும் கதிர்வீச்சு பல இடங்களில் நன்றாகவே வேலை செய்யும். அதற்கு நாட்கள் வேண்டும்; அவசரத்தில் இருப்பவரிடம் அந்த நாட்கள் இல்லை.

செய்முறைக்கு வருவோம். தொடை இடுக்கில் மரப்பு ஊசி போட்டு, தொடைத் தமனியைத் தொடை எலும்பின் தலைக்கு மேலாக இருக்கும்படி குத்துவார்கள். பிறகு அழுத்திப் பிடிக்க எலும்பு அடியில் இருக்க வேண்டும். அதிகம் புழங்கும் கதீட்டர் 5 ஃபிரெஞ்ச். மூன்று ஃபிரெஞ்ச் ஒரு மில்லிமீட்டர் என்பதால், அதன் வெளிவிட்டம் சுமார் 1.7 மி.மீ. அது பெருந்தமனியிலிருந்து பிரியும் முதல் கிளையின் வாய் வரை போகும். அதற்குள்ளிருந்து ஒரு மி.மீ.க்கும் மெல்லிய மைக்ரோகதீட்டர் கிளம்பி, கிளைக்குள் கிளையாகக் கட்டி வரை போகும். எக்ஸ்ரேயில் குழாய்கள் தானாகத் தெரியாது. அயோடின் கலந்த கான்ட்ராஸ்ட் மருந்தைச் செலுத்தி, எலும்பையும் குடல்வாயுவையும் கழித்துவிட்டுக் குழாயை மட்டும் காட்டும் டி.எஸ்.ஏ. படத்தை எடுக்க வேண்டும். ‘மூச்சை இழுத்துப் பிடிங்க, விடாதீங்க’ என்ற குரல் கேத் லேபில் அடிக்கடி கேட்பது இதற்காகத்தான். நோயாளி மூச்சு விட்டால் படம் கலைந்து, கசிவு போலவே பொய்த்தோற்றம் காட்டும்.

படத்தில் கான்ட்ராஸ்ட் குழாயை விட்டு வெளியே சிந்துவது தெரிந்தால் சந்தேகமில்லை. புற்றுநோயில் பல நேரம் அது தெரியாது. குழாய்ச் சுவர் ஓரிடத்தில் பலூன்போல் ஊதியிருக்கலாம்; அல்லது கட்டி முழுதும் மை ஊறியதுபோல் நிறைவது மட்டும் தெரியலாம். கசிவு தெரியவில்லையே என்று கதீட்டரை உருவிவிடுவது தவறு. சி.டி.யும் எண்டோஸ்கோப்பியும் கைகாட்டிய கட்டியின் தமனியைக் கசிவு கண்ணில் படாவிட்டாலும் அடைப்பதே வழக்கம்.

எதை வைத்து அடைப்பது? பெட்டியில் பல பொருள் இருக்கும். அவசரத்தில் அதிகம் கை போவது ஜெலட்டின் பஞ்சுக்கு. எல்லோரும் ஜெல்ஃபோம் என்கிறார்கள். விலை குறைவு, எந்த நேரத்திலும் கிடைக்கும், சில வாரங்களில் கரைந்து குழாய் மறுபடி திறக்கவும் செய்யும். தயாரிக்கும் விதம் எளிது. பார்ப்பதற்குச் சமையலறை வேலைபோல் இருக்கும். தட்டையான பஞ்சைக் கத்தரியால் மெல்லிய கீற்றுகளாக வெட்டி, கீற்றுகளை ஒன்றிரண்டு மி.மீ. துண்டுகளாக்குவார்கள். அவற்றை ஒரு சிரிஞ்சின் பின்பக்கம் போட்டு அடைத்து, கான்ட்ராஸ்ட் உள்ள இன்னொரு சிரிஞ்சோடு மூவழித் திருகால் இணைத்து, இரண்டுக்கும் இடையே மாறி மாறித் தள்ளுவார்கள். தள்ளத் தள்ளத் துண்டு உடைந்து கூழாகும். திருகைக் கொஞ்சம் மூடி வைத்துத் தள்ளினால் கூழ் இன்னும் நைசாகும். எங்கே நிறுத்துவது என்பதை விரல்தான் சொல்லும். நைசான கூழ் தூரம் போய் நல்ல திசுவையும் சாகடிக்கும். கெட்டியான கூழ் மைக்ரோகதீட்டரின் வாயிலேயே அடைத்துக்கொள்ளும்.

பி.வி.ஏ. துகள்கள் மைக்ரான் கணக்கில் சலித்து வருபவை. 300 முதல் 500, 500 முதல் 700 என்று புட்டியில் எழுதியிருக்கும். கட்டிக்குள் ஊடுருவி அடைக்க இவை நல்லவை. காயில் என்பது பிளாட்டினச் சுருள். பெரிய குழாயில் தெளிவாகத் தெரியும் ஓட்டைக்கு உரியது. மேலே ஒட்டியிருக்கும் நுண்ணிழைகளில் ரத்தம் உறைந்தால்தான் காயில் முழுமையாக அடைக்கும். நோயாளியின் ரத்தம் உறையும் நிலையில் இல்லாவிட்டால் காயிலின் நடுவிலேயே ரத்தம் ஓடிக்கொண்டிருப்பதைத் திரையில் பார்க்கலாம்.

அப்போது கைகொடுப்பது குளூ, என்-பியூட்டைல் சயனோஅக்ரிலேட். உறைதன்மை இருக்கிறதா இல்லையா என்பது அதற்குப் பொருட்டல்ல; ரத்தம் பட்டவுடன் தானே இறுகும். அதைக் கையாளும்போது அறையின் பேச்சு குறைந்துவிடும். உப்புநீர் ஒரு சொட்டுப் பட்டாலும் குளூ இறுகிவிடும் என்பதால் கையுறை மாற்றப்படும். தனி மேஜை, தனிக் கிண்ணம், புதுச் சிரிஞ்ச். எக்ஸ்ரேயில் தெரியவும் இறுகுவதைச் சற்றுத் தாமதப்படுத்தவும் கசகசா எண்ணெயிலிருந்து செய்யப்படும் லிப்பியோடால் சேர்ப்பார்கள். ஒன்றுக்கு இரண்டா மூன்றா நான்கா என்பது ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்த்து முடிவாகும். மைக்ரோகதீட்டரை 5 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் கரைசலால் கழுவுவார்கள். பிறகு குளூ போகும். சில நொடிதான். திரையில் கறுப்பு நிரம்பியதும் மைக்ரோகதீட்டரை ஒரே இழுப்பில் எடுத்துவிட வேண்டும். தயங்கினால் முனை குழாயோடு ஒட்டிக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த ஃபெலோவிடம் குளூவைச் சீக்கிரம் யாரும் கொடுப்பதில்லை. அதில் தப்பு ஒன்றுமில்லை.

கல்லீரல் இந்தச் சிகிச்சைக்கென்றே அமைந்த உறுப்பு. அதற்கு வரும் ரத்தத்தில் முக்கால்பங்கு போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. தமனி கொண்டுவருவது கால்பங்கு. கல்லீரலில் பிறக்கும் புற்றோ கிட்டத்தட்ட முழுக்கத் தமனியையே நம்பி வாழ்கிறது. தமனிக் கிளையை அடைத்தால் கட்டி பட்டினி கிடக்கும். நல்ல கல்லீரல் சிரை ரத்தத்தில் பிழைத்துக்கொள்ளும். போர்ட்டல் சிரைக்குள்ளேயே புற்று புகுந்து அதை அடைத்திருந்தால் இந்தக் கணக்கு குலைகிறது. அப்போது கட்டிக்குப் போகும் மிகச் சிறிய கிளையைத் தேடிப் பிடித்து அதை மட்டும் அடைக்க வேண்டும். பிலிருபின் 3 மில்லிகிராமைத் தாண்டியவர்களுக்கு ரத்தம் நின்றாலும் கல்லீரல் செயலிழக்கும் அபாயம் அதிகம். உதரவிதானத்தை ஒட்டிய கட்டி, கல்லீரல் தமனியை அடைத்த பிறகும் கசிந்தால் வலப்பக்க உதரவிதானத் தமனியைத் தேட வேண்டும்; பெரிய கட்டிகள் அங்கிருந்தும் ரத்தம் திருடும்.

கருப்பை வாய்ப் புற்றில் உள் இடுப்புத் தமனியின் முன்பிரிவையோ அதிலிருந்து வரும் கருப்பைத் தமனியையோ அடைக்கிறார்கள். கட்டி ஒரு பக்கம் இருந்தாலும் இரு பக்கமும் அடைத்தாக வேண்டும். இடமும் வலமும் நடுவில் கலந்துவிடுவதால் ஒரு பக்கம் மட்டும் அடைத்தால் மறுபக்கத்து ரத்தம் ஓட்டைக்கு வந்து சேரும். பின்பிரிவுக்குள் பொருள் போய்விட்டால் பிட்டத்துத் தோலும் தசையும் அழுகும். முற்றிய நோயில் சிறுநீர்க்குழாய்கள் நெருக்கப்பட்டு கிரியேட்டினின் ஏறியிருக்கும். அதைக் காரணம் காட்டி ஆஞ்சியோகிராமைத் தள்ளிப்போடுவது சரியல்ல. கான்ட்ராஸ்டைக் குறைத்துச் செய்துவிட்டு, சிறுநீரகத்தைப் பிறகு கவனிக்கலாம். கேத் லேப் தயாராகும் வரை யோனிக்குள் இறுக்கமாகத் துணி அடைத்து வைக்கும் பழைய முறைக்கு ஈடு இன்னும் வரவில்லை.

நுரையீரலில் ஆளைக் கொல்வது ரத்த இழப்பு அல்ல, மூச்சுத்திணறல். மூச்சுக்குழாய்களின் மொத்தக் கொள்ளளவு பெரியவர்களுக்கே 150 மில்லி அளவுதான். எனவே கசியும் நுரையீரல் கீழே வரும்படி ஒருக்களித்துப் படுக்கவைத்து, தேவையானால் குழாய் போட்டு மூச்சுவழியைக் காப்பாற்றிய பிறகே தமனிக்குப் போக வேண்டும். கசிவு பெரும்பாலும் மூச்சுக்கிளைத் தமனியிலிருந்து வருகிறது. அது ஐந்தாம், ஆறாம் மார்பு முள்ளெலும்பு மட்டத்தில் பெருந்தமனியிலிருந்து கிளம்பும். அதே கிளையிலிருந்து முதுகுத்தண்டுவடத்துக்கும் ரத்தம் போகலாம். படத்தில் கொண்டை ஊசிபோல் மெல்லிய வளைவு ஒன்று தெரிந்தால் அங்கே எதையும் செலுத்தக் கூடாது. செலுத்தினால் ரத்தம் நிற்கும். நோயாளிக்கு இரண்டு காலும் போய்விடும். 300 மைக்ரானுக்கும் சிறிய துகளை இங்கே தவிர்ப்பதற்கும் இது ஒரு காரணம்.

புகையிலை மெல்லும் நம் நாட்டில் வாய், தொண்டைப் புற்று அதிகம். அறுவையும் கதிர்வீச்சும் முடிந்த கழுத்தில் கரோடிட் தமனி வெடிப்பது இத்துறையின் மிகக் கொடிய அவசரம். பெரும் வெடிப்புக்கு முன் சிறிதாக ஒரு கசிவு வந்து தானே நின்றுவிடுவது உண்டு. அதை அலட்சியம் செய்தவர்கள் இரண்டாவது கசிவோடுதான் வருகிறார்கள். கிளையிலிருந்து வந்தால் அடைப்பது எளிது. மூளைக்குப் போகும் குழாயே கிழிந்திருந்தால், துணி போர்த்திய ஸ்டென்ட் வைத்துக் குழாயைக் காப்பாற்றுவதா, குழாயையே தியாகம் செய்து பக்கவாத அபாயத்தை ஏற்பதா என்று நிமிடங்களில் முடிவெடுக்க வேண்டும். சீழ் பிடித்த காயத்தில் வைத்த ஸ்டென்ட் நெடுநாள் நிற்பதில்லை என்பதும் தெரிந்ததே.

முன்சிறுகுடலில் பாடம் வேறு. அங்கே ரத்தம் மேலிருந்தும் கீழிருந்தும் வரும். மேல்வாயில் மட்டும் காயில் வைத்துவிட்டு வந்தால் ஒரு மணி நேரம் நிற்கும். பிறகு கீழ்வழியாக ரத்தம் வந்து ஓட்டையை நிரப்பும். அப்போது மறுபடி போகலாம் என்றால், முன்பு வைத்த காயிலே வழியை மறித்துக்கொண்டிருக்கும். ஓட்டையைத் தாண்டிப் போய் அப்பால் அடைத்து, இப்பால் அடைத்து வருவதே முறை.

கசிவு நின்றதும் வேலை முடிவதில்லை. தொடைத் தமனியைக் கால்மணி நேரம் கையால் அழுத்திப் பிடித்து, காலை மடக்காமல் சில மணி நேரம் படுக்கவைக்க வேண்டும். அடைபட்ட திசு செத்து அழியும்போது காய்ச்சல், வலி, குமட்டல் வரும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரம் வரை நீடிக்கலாம். ஒரு வாரத்தையும் தாண்டிக் காய்ச்சல் ஏறினால் சீழ்க்கட்டியைச் சந்தேகிக்க வேண்டும். ஹீமோகுளோபினைச் சில மணிக்கொருமுறை பார்ப்பார்கள். மறுபடி கசிவது அரிதல்ல. இரண்டாம் முறை போவதைத் தோல்வியாக எண்ண வேண்டியதில்லை.

கேத் லேபுக்கு வெளியே நடக்கும் உரையாடல் எல்லா மருத்துவமனையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். “சார், இதோட கேன்சர் சரியாயிடுமா?” என்பார் மகன். “இல்லீங்க. இப்ப கசியற ரத்தத்தை நிறுத்தத்தான் இது. கேன்சருக்கு அப்புறம் தனியாத்தான் வைத்தியம் பார்க்கணும்” என்பதே நேர்மையான பதில். கல்லீரல் நன்றாக இருப்பவருக்குச் சில வாரம் கழித்துக் கட்டியை வெட்டி எடுக்க முடியலாம். கருப்பை வாய்க்குக் கதிர்வீச்சு தொடரலாம். வேறு வழியே மிச்சமில்லாதவருக்கு ரத்தம் நின்ற சில வாரங்கள் வீட்டில் கழியலாம். அதுவும் சிறிய விஷயமல்ல. ஆனால் பல உறுப்பும் ஓய்ந்து, நோயாளி தன் கடைசி நாட்களில் இருக்கும்போது மேஜையில் ஏற்றாமலிருப்பதும் ஐ.ஆர். எடுக்க வேண்டிய முடிவே. அப்போது வலியையும் பதற்றத்தையும் தணிக்கும் மருந்தும், ரத்தம் கண்ணை உறுத்தாதபடி கருநிறத் துணியும், பக்கத்தில் ஆளும் இருந்தால் போதும் என்று வலிதணிப்பு மருத்துவர்கள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

புற்றுநோயாளி உள்ள வீடுகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசி சி.டி.யின் குறுந்தகடும் அறிக்கையும், டிஸ்சார்ஜ் சம்மரி, கிரியேட்டினின், பிலிருபின் எண்கள், ரத்தவகை, சாப்பிட்டுவரும் மாத்திரைகளின் சீட்டு – இவற்றை ஒரே பையில் போட்டுக் கதவருகே வையுங்கள். ஆஸ்பிரினோ வேறு ரத்த மெலிவு மாத்திரையோ இருந்தால் அதைச் சிவப்பில் எழுதுங்கள். திடீர் வயிற்றுவலியோடு மயக்கமோ, கழுத்துக் காயத்தில் சிறிது ரத்தமோ, இருமலில் ரத்தமோ வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல், கேத் லேபும் ரத்த வங்கியும் இரவிலும் இயங்கும் மருத்துவமனைக்கு நேரே போங்கள். அது எது என்பதை உங்கள் புற்றுநோய் மருத்துவரிடம் இப்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.